மலையூரில் ஒரு நாள்

ஊர் பார்க்கப் புறப்படுவோரில் இரு சாரார் உண்டு. ஒரு சாரார் அருவியையும் கோயிலையும் கண்டு மகிழ்ந்து, குளிர்ந்த காற்றைப் புகழ்ந்து பேசிக்கொண்டே வீடு திரும்புவர். மற்றொரு சாரார் அவ்வூர் மக்கள் எதனை விளைவிக்கின்றனர், எவரிடம் விற்கின்றனர், எவருக்குக் கடன்பட்டிருக்கின்றனர் என்பதையும் விசாரித்து அறிந்து வருவர். கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினராகிய நமக்கு இரண்டு பார்வையும் வேண்டும். அருவியைக் காணாமல் வருவது ரசனைக் குறைவு. தராசைக் காணாமல் வருவது கடமைக் குறைவு.

இக்கருத்துடன், சென்ற தை மாதத்தில் ஒரு நாள், நெசவாளர் இருவர், விவசாயிகள் மூவர், நாம் ஒருவர், ஆக அறுவர் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குச் சென்று வந்தோம். நெசவாளரில் ஒருவர் எழுபது வயதைக் கடந்தவர். அவரைப் ‘பெரியவர்’ என்றே இக்கட்டுரையில் குறிப்பிடுவோம். பக்கத்து மலையைத் தம் வாழ்நாளில் ஒரு முறையேனும் மிதித்ததில்லை என்று அவர் கூறியபோது மற்றவர்களும் தலையசைத்தனர். மலையடிவாரத்தில் வாழ்வோர் பலரின் நிலை இதுவே.

நகரில் சிறிது நேரம்

கள்ளக்குறிச்சி 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. ஊர் பெரிதாகிவிட்டது, ஆயினும் அதன் பழைய கைத்தொழில் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. மரச்சிற்பத் தொழிலையே குறிப்பிடுகிறோம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. பேருந்து புறப்படுவதற்கு முன் ஒரு பட்டறைக்குச் சென்றோம். வாகை மரப் பலகையில் பிள்ளையார் ஒருவர் பாதி உருவாகியிருந்தார். வேலை செய்துகொண்டிருந்த இளைஞர், உளியைக் கீழே வைத்துவிட்டு, எங்களுக்கு உட்காரப் பலகை போட்டார். வாங்க வந்தவர்கள் அல்லர் நாங்கள் என்று தெரிந்தும் அவர் முகம் மாறவில்லை.

அவரிடம் பெரியவர் கேட்ட முதற் கேள்வி, “மரம் யார் வாங்கித் தருகிறார்கள் தம்பி?” என்பது. கைத்தொழிலாளி ஒருவன் மற்றொரு கைத்தொழிலாளியைக் கண்டதும் கேட்பது இதுதான். மூலப்பொருள் எவர் கையில் இருக்கிறதோ, லாபத்தின் பெரும்பகுதியும் அவர் கையில்தான் இருக்கும் என்பதை நெசவாளன் நூற்கட்டிலிருந்து கற்றிருக்கிறான்.

ஆலையும் அணையும்

கச்சிராயபாளையம் செல்லும் வழி நெடுகக் கரும்பு. அவ்வூரில் கள்ளக்குறிச்சி இரண்டாவது கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. முதலாவது ஆலை மூங்கில்துறைப்பட்டில் உள்ளது. எங்களுடன் வந்த விவசாயிகள் மூவரும் கரும்பு பயிரிடுபவர்கள். ஆலையின் எடைமேடையைச் சுட்டிக்காட்டி அவர்களில் ஒருவர், “வண்டி இதில் ஏறி இறங்கினால் கையில் சீட்டு வந்துவிடும். சீட்டு இருந்தால் என்றைக்கும் கேட்கலாம்” என்றார். சாதாரணமாகச் சொல்லப்பட்ட இவ்வார்த்தைகளின் மதிப்பு, மலைமேல் சென்ற பிறகே எங்களுக்கு முழுவதும் விளங்கிற்று.

ஊரைக் கடந்ததும் கோமுகி அணை. மலையிலிருந்து இறங்கும் கோமுகி ஆற்றின் குறுக்கே 1960களில் கட்டப்பட்டது. அணையின் நீர்மட்டம் 46 அடி. கொள்ளளவு 560 மில்லியன் கன அடி. நாங்கள் சென்ற சமயம் நீர் கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. சமவெளியில் கரும்பும் நெல்லும் விளையத் தண்ணீர் தருவது மலை. அந்த மலையின் குடிமக்களுக்குச் சமவெளி என்ன தந்திருக்கிறது என்ற கேள்வி அணைக்கரையில் நிற்கும்போது எவருக்கும் தோன்றாமற் போகாது.

மலையும் மக்களும்

அணையைத் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒன்றாகிய கல்வராயன் மலை, வடக்கே சின்னக் கல்வராயன் என்றும் தெற்கே பெரிய கல்வராயன் என்றும் இரு பிரிவாக வழங்குகிறது. மலையின் ஒரு பகுதி சேலம் மாவட்டத்தில் அடங்கும். கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலைக்கு வெள்ளிமலை என்னும் ஊர் தலைமையிடம். கரியாலூர் வழியாக அவ்வூரை அடைந்தோம்.

இங்கு வாழும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். பெயரைக் கேட்டு மயங்கவேண்டாம். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே பொருள். இவர்கள் பேசுவது தமிழே. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர் மூவர் என்றும், அவர்கள் மலைக்கு ஒருவராகப் பிரிந்து சென்றனர் என்றும் இவர்களிடையே வழிவழியாக ஒரு கதை உண்டு. இம்மலையின் பெருந்தெய்வம் கரியராமன். காஞ்சியில் தறியோடு வாழும் மக்கள் இருப்பதை நினைவுகூர்ந்து பெரியவர், “அப்படியானால் நாமும் பங்காளிகள்தான்” என்று சொல்லிச் சிரித்தார். எங்களைச் சுற்றி நின்றவர்களும் சிரித்தனர். அதன் பிறகு நாங்கள் அந்நியர் என்ற எண்ணம் இரு பக்கத்திலும் அகன்றுவிட்டது.

இம்மலையின் அண்மை வரலாற்றை ஒவ்வோர் அங்கத்தினரும் அறிந்திருத்தல் வேண்டும். 1976 வரை இம்மலை மூன்று ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்தது. நாட்டின் மற்றப் பகுதிகளில் ஜமீன்தாரி முறை ஒழிந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பின்னரும், இங்கே குடிமக்கள் ஜாகீர்தாருக்கு வரி செலுத்தினர், கூலியின்றி உழைத்தனர். 1976இல் அரசு மலையைத் தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. இன்று வயதான மலைவாசி ஒருவர் ‘ஐயா’ என்று கைகட்டி நிற்கும்போது, அவர் தம் இளமையில் கற்றுக்கொண்ட பாடம் எது என்பதை நாம் உணரவேண்டும்.

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரில் மெத்தனால் கலந்த விஷச் சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரச் சம்பவத்தை ஒட்டி இம்மலையின் பெயரும் பத்திரிகைகளில் அடிபட்டது. அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து மலைவாழ் மக்களின் நிலை குறித்து வழக்கு எடுத்துக்கொண்டு, சாலை, மருத்துவம், கல்வி ஆகியவற்றைப் பற்றி அரசிடம் விளக்கம் கேட்டது. நேர்மையான விளைபொருளுக்கு நேர்மையான விலை கிடைக்காத இடத்தில்தான் நேர்மையற்ற தொழில் எளிதில் குடியேறுகிறது. சங்கத்தின் வேலை இங்கே தொடங்குகிறது.

கடுக்காய் மூட்டை

வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில், வீட்டு வாசலில் கடுக்காயை உலர்த்திக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர் எங்களைத் திண்ணையில் அமரச் சொன்னார். கேட்காமலே மோர் வந்தது. பிற்பகல் உணவும் அங்கேதான் என்று அவர் முடிவுகட்டிவிட்டார், மறுத்துப் பயனில்லை. கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் உண்டோம்.

கடுக்காய் இம்மலையின் பழைய செல்வம். குளிர்காலத்தின் பிற்பகுதியில் மரங்களிலிருந்து பொறுக்கிச் சேர்க்கிறார்கள். அதில் உள்ள துவர்ப்புச் சத்து தோல் பதனிடப் பயன்படும்; சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கும் பயன்படும். இவை பலரும் அறிந்தவை. ஆனால் நெசவாளர்க்கு உரிய பயன் ஒன்று உண்டு. இயற்கைச் சாயம் தோய்ப்பவர்கள் பருத்தித் துணியை முதலில் கடுக்காய் நீரில் ஊறவைப்பார்கள். பிறகு இரும்புக் கரைசல் தொட்டால் கருமையும், படிகாரம் இட்டுச் சாயவேர் முதலியவற்றில் கொதிக்கவைத்தால் செம்மையும் பற்றிக்கொள்ளும். கலம்காரித் துணியின் நிறம் நிலைப்பதற்கு இதுவே அடிப்படை.

“எங்கள் தாத்தா காலத்தில் சாயக்காரர் வீட்டில் கடுக்காய் இடிக்கும் சத்தம் கேட்கும். அது இந்த மலையிலிருந்துதான் வந்ததோ என்னவோ!” என்று கூறிய பெரியவர், ஒரு காயை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, “கிலோ என்ன விலைக்குப் போடுகிறீர்கள் அம்மா?” என்று கேட்டார்.

அம்மையார் மூட்டைக் கணக்குச் சொன்னார். மூட்டை எத்தனை கிலோ என்று கேட்டதற்கு, “வருகிறவர்தான் எடை போடுவார் ஐயா; அவர் சொல்வதுதான்” என்றார். தீபாவளிக்கு முன் கைமாற்றாக வாங்கிய பணம் இருந்தது. அதனைக் கழித்துக்கொண்டு மீதி தருவார்களாம். சீட்டு உண்டா என்று கேட்டோம். அச்சொல்லே அவருக்குப் புதிதாக இருந்தது.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்பு பெரியவர் தம் கதையைச் சொன்னார். சங்கத்தில் சேர்வதற்கு முன் அவர் தந்தையார் முதலாளி ஒருவரிடம் நெய்தாராம். நூலை எடை போட்டுத் தருவார்கள். சேலையை எடை போட்டு வாங்குவார்கள். இரண்டு தடவையும் தராசு முதலாளியுடையது. ஒவ்வொரு பாவுக்கும் சிறிது நூல் குறையும். குறைந்தது கடனில் ஏறும். “நூலை நாங்கள் தின்றுவிட்டோமா என்ன?” என்று அவர் கேட்டபோது அம்மையார் நிமிர்ந்து பார்த்தார். மலைக்காரியின் அனுபவமும் தறிக்காரரின் அனுபவமும் ஒன்றாக இருந்தன.

சங்கங்களின் கணக்கைப் பார்ப்பது நமது உத்தியோகம். ஆனால் எந்தச் சங்கத்தின் பேரேட்டிலும் காணாத ஒரு விஷயத்தை அத்திண்ணையில் கண்டோம். சங்கத்தின் சேவை ஏட்டில் இருப்பது ஒன்று; அது இன்ன வீட்டு வாசல் வரை வருகிறதா என்பது வேறொன்று.

மூன்று சரக்குகள்

மலையிலிருந்து இறங்கும் சரக்குகளில் மூன்று, கடைசியில் தறிக்கு வந்து சேரக்கூடியவை. கடுக்காயைச் சொன்னோம். இரண்டாவது புளி. புளியங்கொட்டையின் பருப்பை அரைத்த மாவு, நூலுக்குக் கஞ்சியிட ஆலைகளில் பயன்படுகிறது. மூன்றாவது மரவள்ளி. அதன் மாவும் நூலுக்குக் கஞ்சியாகும், ஜவ்வரிசியும் ஆகும்.

மரவள்ளி விவசாயியின் சங்கடம் தனிப்பட்டது. கிழங்கைத் தோண்டிவிட்டால் இரண்டு மூன்று நாட்களில் கெடத் தொடங்கும். ஆகவே விலை பிடிக்கவில்லை என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வர இயலாது. ஆலையில் கிழங்கின் மாதிரியைக் காற்றிலும் நீரிலும் எடை போட்டு, மாவுச் சத்து இத்தனை ‘பாயிண்ட்’ என்று கணித்து, அதன்படி விலை வைப்பார்கள். எடையும் சத்தும் ஆகிய இரண்டையும் கணிப்பது வாங்குபவரே. சேலத்தில் 1981இல் தோன்றிய ‘சேகோசர்வ்’ என்னும் கூட்டுறவுச் சங்கம், ஜவ்வரிசி, மாவு உற்பத்தியாளர்களுக்குக் கிடங்கும் விற்பனை வசதியும் அளித்து நல்ல பெயர் பெற்றது. ஆனால் அது ஆலைக்காரர்களின் சங்கம். ஆலைக்காரர்களே கூட்டுறவின் பலத்தை அறிந்து ஒன்றுகூடியிருக்கும்போது, கிழங்கு விளைவிப்பவர் தனித்து நிற்பது தகுமா?

கடுக்காயும் புளியும் அவ்வாறன்று. நன்கு உலர்த்தினால் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். வைத்திருக்கக்கூடிய சரக்கை அவசரமாக விற்கச் செய்வது முன்பணம் ஒன்றே. ஆதலால் மலையில் கூட்டுறவு விற்பனையைத் தொடங்க ஏற்றவை இவை இரண்டுமே. புழு துளைத்த காயை நீக்கித் தரம் பிரித்தல், கொட்டை நீக்கிய புளியாக்குதல், உலர்ந்த கிடங்கில் சேமித்தல், சேமித்த சரக்கின்மேல் பொருளீட்டுக் கடன் வழங்குதல் ஆகிய நான்கும் நடந்தால், தீபாவளிக் கைமாற்றின் பிடி தானே தளரும்.

இதற்குச் சட்டமும் திட்டமும் இல்லாமல் இல்லை. பழங்குடி மக்களின் சிதறிய சிறு தேவைகளுக்குக் கடன், ரேஷன், விளைபொருள் கொள்முதல், வனப்பொருள் சேகரிப்பு எல்லாம் ஒரே கூரையின்கீழ் வேண்டும் என்று 1971இல் அமைந்த பாவா குழு ஆராய்ந்து கூறியதன் விளைவாகவே, மலைப் பகுதிகளில் பெரும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. 1987இல் பழங்குடியினர் விளைபொருள் விற்பனைக்கென்று அகில இந்தியக் கூட்டுறவு இணையம் நிறுவப்பட்டது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சிறு வனப்பொருள்கள் மீது காட்டில் வாழும் பழங்குடியினருக்கு உடைமை உரிமை அளித்தது. கடுக்காயும் புளியும் உள்ளிட்ட வனப்பொருள்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையும் மத்திய அரசால் அறிவிக்கப்படுகிறது. எனினும் அம்மையாரின் வாசலில் தராசு இல்லை, சீட்டு இல்லை.

பதினாறு நெசவாளர்

உணவுக்குப்பின் இளைய நெசவாளர் ஒரு சந்தேகத்தை எழுப்பினார். “நாம் ஐந்தாறு பேர். இந்த அம்மாவிடம் இருப்பது ஒரு மூட்டை. இதைக் கொண்டு என்ன ஆகிவிடும்?” என்றார். அவருக்கு விடையாக ஸ்காட்லாந்து நாட்டுச் சிற்றூர் ஒன்றின் கதையைத் திண்ணையில் இருந்தவர்களுக்குச் சொன்னோம். அதனை இங்கும் கூறுவது பொருந்தும்.

அயர்ஷயர் என்னும் பகுதியில், கில்மார்னக் நகருக்கு அருகே, பென்விக் என்று ஒரு கிராமம் உண்டு. 1761ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14ஆம் தேதி, அவ்வூர்க் கைத்தறி நெசவாளர் பதினாறு பேர் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். நேர்மையாக வேலை செய்வோம், துணியின் தரத்தைக் குறைக்கமாட்டோம், நியாயமான விலைக்கு விற்போம் என்பது அதன் சாரம். நலிந்தோர்க்கு உதவப் பொது நிதியும் சேர்த்தனர். 1769இல் அந்நிதியைக் கொண்டு ஓட்ஸ் தானிய மாவை மொத்தமாக வாங்கி அங்கத்தினர்க்குப் பிரித்து விற்றனர். உலகில் பதிவான மிகப் பழைய நுகர்வோர் கூட்டுறவு முயற்சிகளில் ஒன்றாக இதனை அறிஞர் மதிக்கின்றனர். ராச்டேல் முன்னோடிகள் கடை திறந்த 1844ஆம் ஆண்டுக்கு அது எழுபத்தைந்து ஆண்டுகள் முற்பட்டது. நம் நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததும், திரூரில் விவசாயிகள் சங்கமும் சென்னையில் திருவல்லிக்கேணிச் சங்கமும் தோன்றியதும் 1904இல்.

பென்விக் சங்கம் 1873 வரை நடந்தது. விசைத்தறியின் வருகையால் ஊரின் தறிகள் ஓய்ந்தன, பலர் கடல் கடந்து குடிபெயர்ந்தனர், சங்கமும் முடிந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் பதினாறு பேரின் கையெழுத்து நிலைத்து நின்றதற்குக் காரணம், அவர்கள் நெசவாளராக இருந்தும் நெசவோடு நின்றுவிடாமல், தானியம் விளைவிப்பவன் பக்கமும் கை நீட்டியதே.

இதைக் கேட்ட பெரியவர், “அவர்கள் மாவு வாங்கினார்கள்; நாம் கடுக்காய் வாங்கினால் என்ன?” என்றார். அம்மையார் உடனே, “தரம் பார்த்துத் தருகிறேன் ஐயா, தராசை மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள்” என்றார். ஒரு நாள் பிரயாணத்தில் நாம் கேட்ட வார்த்தைகளில் மிகவும் பொருள் பொதிந்தது இதுவே.

செய்யத் தக்கவை

மாலையில் கரியாலூரில் படகுத் துறையைக் கண்டோம். பெரியார் அருவியின் சாரலில் நனைந்தோம். இளையவர் இருவர் குளித்தும் மகிழ்ந்தனர். மலைக்குச் செல்வோர் இவற்றையெல்லாம் தவறாமல் காணவேண்டும். ஆனால் பிளாஸ்டிக் குப்பையை விட்டுவிட்டு, நிழற்படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்குவது விருந்தினர்க்கு அழகன்று. தேனோ, சாமையோ, புளியோ, ஏதேனும் ஒன்றைச் சங்கத்தின் வாயிலாக விலை கொடுத்து வாங்கி வரட்டும்.

சங்கங்களுக்கு நாம் கூறுவது மூன்று. முதலாவதாக, ஆண்டுக்கு ஒரு நாளேனும் நெசவாளர் சங்க அங்கத்தினர் மலைக்கும், மலைச் சங்க அங்கத்தினர் தறி நடக்கும் ஊருக்கும் விருந்தினராய்ச் சென்று வரவேண்டும். தன் பொருள் எங்கே போய்ச் சேருகிறது என்று அறியாதவன் அதற்கு விலை சொல்ல அஞ்சுவான். இரண்டாவதாக, முத்திரையிட்ட தராசும் எடைச் சீட்டும் இல்லாமல் ஒரு மூட்டையும் கைமாறக்கூடாது என்பதை மலைச் சங்கத்தின் நிர்வாகக் குழு முதல் வேலையாக மேற்கொள்ளவேண்டும். வாரம் ஒரு நாள் சிற்றூர்தோறும் தராசு செல்லட்டும். மூன்றாவதாக, இயற்கைச் சாயத் துணி நெய்யும் சங்கங்கள் தமக்கு வேண்டிய கடுக்காயை மலைச் சங்கத்தினிடம் நேரே வாங்கிப் பார்க்கட்டும். இன்று இரசாயனச் சாயமே பெரு வழக்கில் இருப்பதால் தேவை சிறிதாகத்தான் இருக்கும். ஆயினும் சிறிய கொடுக்கல் வாங்கலில் பிறக்கும் நம்பிக்கை பெரியது. சங்கங்கள் தமக்குள் ஒன்றுக்கொன்று துணை நிற்கவேண்டும் என்பது 1966இல் அகில உலகக் கூட்டுறவு ஸ்தாபனம் ஏற்றுக்கொண்ட கொள்கைகளில் ஒன்று. அக்கொள்கையை மகாநாட்டுத் தீர்மானங்களில் படித்திருக்கிறோம். மூட்டையாகவும் சீட்டாகவும் காண்பது எப்போது?

அடுத்த பருவத்துக் கடுக்காய் உதிர்வதற்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. இடையில் நிர்வாகக் குழுக் கூட்டங்கள் பல நடைபெறும். அவற்றுள் ஒன்றிலேனும் இவ்விஷயம் பொருளாக வைக்கப்பட்டு, ஒரு தராசு வாங்கவும் ஒரு மூட்டை கொள்முதல் செய்யவும் தீர்மானம் நிறைவேறுமானால் தொடக்கத்துக்கு அதுவே போதும்.